சாமிப்பெட்டிக்குப் பின்னால் ஓர் அடாப்டர்

எங்கள் குலசாமியின் பெயரால் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்யால் பிறந்த பெண் குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. என்னை மாமா என்று கூப்பிடுகிறது.

அப்போது திண்டுக்கல்லில் பாலிடெக்னிக் முதல் வருடம், எலெக்ட்ரிக்கல். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் (அந்தத் திமிர் நடையிலேயே தெரியும்). ஹாஸ்டல் நண்பன் ஒருவன் பழைய வீடியோ கேம் ஒன்றைக் கொடுத்தான். கையில் வைத்து விளையாடுவது. பேட்டரி செத்திருந்தது, சார்ஜரும் இல்லை. கடையில் வாங்குவது எலெக்ட்ரிக்கல் மாணவனுக்கு அழகா? லீவுக்கு வீட்டுக்கு வந்ததும் பழுதான ரேடியோவிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றினேன். நான்கு டயோடு, ஒரு கெப்பாசிட்டர். பற்றவைத்தேன். அடாப்டர்!

இன்சுலேஷன் டேப் தீர்ந்துவிட்டது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை விவசாயம் செய்கிற வீட்டில் எதற்குப் பஞ்சம்? பூக் கட்டும் வாழைநாரை ஒயர் இணைப்பில் சுற்றினேன். அந்த நாரைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுப்பார்கள் என்பது அந்த மேதைக்கு உறைக்கவில்லை.

வீட்டில் காலியாக இருந்த ஒரே பிளக் சாமி அறையில், குலசாமிப் பெட்டிக்குப் பின்னால். கேமை அடாப்டரில் மாட்டி, ஆன் செய்து செருகினேன். உடனே கரண்ட் போனது. அப்படியே விட்டுவிட்டேன்.

அன்று மதியம் அக்கா கல்யாணத்துக்கு உத்தரவு கேட்கும் நாள். ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை. அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் எங்கள் வழக்கப்படி பெட்டிக்கு முன்னால் காத்திருக்க வேண்டும். பல்லி சொன்னால் சம்மதம். வேறு சத்தம் ஏதும் வந்தால் சம்பந்தம் முறிந்தது.

ஜன்னல் இல்லாத அறை. ஒற்றை எண்ணெய் விளக்கு. யாரும் மூச்சுக்கூட விடவில்லை. பல்லியும் பேசவில்லை.

திடீரென்று பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு நீல வெளிச்சம் சுவரில் ஏறியது. பிறகு மெல்லிய குரல். கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டே ஒரு குழந்தை அழுவதுபோல மேலிருந்து கீழே போனது. நின்றது. மறுபடி அழுதது.

"அண்ணே, சாமி அழுகுதுண்ணே," என்றார் சித்தப்பா. "இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்காவின் கை என் கையைப் பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது. கரண்ட் வந்துவிட்டது, கேமில் தோற்றால் வரும் பாட்டு அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு முடி சிலிர்த்தது.

உண்மையைச் சொன்னால் தோல் உரியும். கும்பிடுவதுபோல விழுந்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டேன். விரலில் ஈர நார் பட்டது.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. பல் அடித்தது, உடம்பு உதறியது, தொண்டையிலிருந்து யாரோ ஊளையிட்டார்கள்.

"ஏலே, அருளு வந்துருச்சு! யாரும் தொடாதீங்க!" என்று சித்தப்பா எட்ட நின்று திருநீற்றை வீசினார் (தொட்டிருந்தால் அவருக்கும் வந்திருக்கும்).

எப்படியோ பிளக் பிடுங்கிக்கொண்டு நான் மல்லாக்க விழுந்தேன். கண் திறந்தால், பெற்ற அப்பா என்னைக் கும்பிட்டு நிற்கிறார்.

"சொல்லு சாமி. கல்யாணத்தப் பண்ணலாமா?"

அக்கா என்னையே பார்த்தாள்.

"பண்ணுங்க," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வைகாசியில பண்ணுங்க." (சித்திரை என்றுதான் வாயில் வந்தது. செமஸ்டர் பரீட்சை ஞாபகம் வந்து மாற்றிக்கொண்டேன்.)

அடுத்த வாரம் லேப் சாரிடம் அடாப்டரைக் காட்டினேன். பிரித்துப் பார்த்தார். "கேமுக்குப் போற ஒயர்ல ஈயமே ஒட்டலயேடா. இதுல ஒரு வோல்ட்டுகூட வந்திருக்காது."

அப்படியானால் அழுதது யார்? அந்த கேமை நான் அதற்குப் பிறகு தொடவில்லை.

அன்றிலிருந்து மாசி சிவராத்திரிதோறும் அருள் வர வேண்டியது என் பொறுப்பு. இந்த வருடச் சிவராத்திரியன்று, பெட்டிக்கு முன்னால் கூட்டம் கூடியிருந்தபோது, மனசு தாங்காமல் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு எனக்கு வந்தது அருளில்ல சித்தப்பா, கரண்ட்டு."

அவர் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏப்பா, பெட்டிக்குப் பின்னாடி ஒரு ஒயர இழுத்து விடுங்க. நம்ம பயலுக்கு அது இருந்தாத்தான் வருதாம்."