சாய்ந்து மிதந்த ஆமைக் குஞ்சு

இந்த வீட்டில் ஓர் உயிராவது என் பேச்சைக் கேட்க வேண்டும். அந்த முடிவோடுதான் தங்கா பத்து பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், ஓர் ஆமைக் குஞ்சை வாங்கினேன். ஆமைக்கு வெளிக்காது கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பச்சைப் பயறு நிறம். காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. எட்டு வயது மகள் ஸுஹா அதற்குக் கச்சாங் என்று பெயர் வைத்தாள்; மலாயில் பயறு. என் மனைவி ஹாஜரா பெயர் வைக்கவில்லை. கேள்விதான் வைத்தாள்.

"யாரு மச்சான் இதப் பாத்துக்கப் போறது?"

"நான்தான்."

"மீன் வாங்கினப்பவும் அப்படித்தான் சொன்னீங்க."

"அது மீன். இது ஆமை. யாரும் இதுல தலையிடக் கூடாது. முழுப் பொறுப்பும் என்னோடது."

"எழுதிக் குடுங்க."

எழுதியே கொடுத்தேன். நான் சுங்கை ஊடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையில் மீட்டர் பார்க்கிறவன். பதினாறு வருஷமாக அழுத்தம், வெப்பம், மட்டம் என்று கட்டம் போட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. அதே மாதிரி ஒரு தாளில் கட்டம் போட்டுத் தொட்டியின் பக்கத்தில் ஒட்டினேன். தண்ணீர் மட்டம். வெப்பம். உணவு. குறிப்பு. கீழே கையெழுத்து: முகம்மது அஷ்ரப்.

தொட்டியைக் கூடத்தில் ஏர்கோனுக்கு நேர் கீழே ஒரு மேஜைமேல் வைத்தேன். இந்த வெயிலில் குஞ்சு சுகமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். தினமும் வெப்பம் இருபத்திரண்டு என்று எழுதினேன். எண் மாறவே இல்லை என்பதில் எனக்குப் பெருமை. ஆமைக்கு அது குளிர் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் ஸுஹா கூப்பிட்டாள்.

"அத்தா, கச்சாங் ஒரு பக்கமா சாஞ்சு மிதக்குது."

வந்து பார்த்தேன். இடது பக்கம் தாழ்ந்து, வலது பக்கம் உயர்ந்து, கவிழப் போகிற படகு மாதிரி மிதந்தது. எனக்கு உடனே காரணம் புரிந்துவிட்டது. எனக்கு எப்போதும் உடனே புரிந்துவிடும். அதுதான் என் வியாதி.

"மேஜை சாஞ்சிருக்கு."

"மேஜை சாஞ்சா தண்ணி சாயாதே அத்தா. தண்ணி எப்பவும் மட்டமாத்தான் இருக்கும்னு டீச்சர் சொன்னாங்க. அப்புறம் ஆமை மட்டும் ஏன் சாயுது?"

"உங்க டீச்சர் ஆலையில வேலை பாத்திருக்காங்களா?"

"இல்ல."

"அப்பச் சும்மா இரு."

வேலைக்கு எடுத்துப் போகும் ரசமட்டத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். ஒரு நூல் சாய்வு இருக்கத்தான் செய்தது. பிஸ்கட் பெட்டி அட்டையை மடித்து ஒரு காலுக்குக் கீழே கொடுத்தேன். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் பாடுபட்டேன். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. அந்தக் குமிழியைத்தான் பார்த்தேன். கச்சாங்கின் மூக்கில் ஒரு குமிழி வந்து வந்து உடைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஹாஜரா தொட்டியின் அருகே நின்றாள்.

"மச்சான், இது ரெண்டு நாளா சாப்பிடல."

"நோன்பு வெச்சிருக்கும்."

"ரமலான் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு."

"விட்டுப்போன நோன்பா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "கண்ணு ரெண்டும் வீங்கி மூடியிருக்கு. டாக்டர்கிட்ட கொண்டு போலாம்."

"ஆமைக்கு டாக்டரா? நூறு வருஷம் வாழ்ற ஜந்து. தூங்குது, விடு. நாளைக்குப் பாக்கலாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் முழுப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவன் மூன்றே வாரத்தில் எப்படி ஒத்துக்கொள்வது? விடியற்காலையில், அவர்கள் எழுவதற்கு முன்னால், தின்னாமல் கிடந்த உணவு உருண்டைகளைக் கரண்டியால் அள்ளி எறிந்தேன். தாளில் "உணவு: நன்று" என்று எழுதினேன். மூன்று நாள் அப்படி எழுதினேன். பதினாறு வருஷத்தில் ஆலையில் ஒரு பொய் எண் எழுதியதில்லை. அங்கே எழுதியிருந்தால் என்னை அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்கள். வீட்டில் யார் கேட்பது என்று நினைத்தேன்.

அந்த மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது அதிசயம் நடந்திருந்தது. கச்சாங் தொட்டிக் கல்லின் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. சாய்வு இல்லை. கண் திறந்திருந்தது. போட்டிருந்த உணவும் காலி.

"பாத்தியா ஹாஜரா? மேஜைதான்!"

"நீங்க சொன்னது சரிதான் மச்சான்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இனித்தது.

அதன் பிறகு தினமும் காலையில் ஆறு மணிக்குத் தொட்டியின் முன்னால் நின்று எழுதினேன். தண்ணீர் சரி. மட்டம் சரி. குறிப்பு: நிமிர்ந்த தோற்றம், அமைதியான சுபாவம். ஆலையில் நண்பர்களிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு உஷாராணி அக்காவிடமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்.

"ஆமை எப்படி இருக்கு தம்பி?"

"ஜோரா இருக்குக்கா. கல்ல விட்டு எறங்கவே மாட்டேங்குது."

"அப்படியா! அசையவே இல்லையா?"

"அது நிம்மதிக்கா. நல்லாப் பாத்துக்கிட்டா எந்த உயிரும் அப்படித்தான் இருக்கும்."

"சரி லா தம்பி. நீங்க சொன்னா சரி."

அவர் வீட்டு ஜன்னலுக்குள் பட்டப்பகலில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் வீணாகுதே அக்கா என்று அறிவுரையும் சொல்லிவிட்டு வந்தேன்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தொட்டியைக் கழுவலாம் என்று கச்சாங்கைக் கையில் எடுத்தேன். வாங்கி வந்த பிறகு நான் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விரல் பட்டதும் "கீச்" என்றது.

என் உயிர் போய்விட்டது.

"ஹாஜரா! கச்சாங் கத்துது!"

"ஆமை கத்தாது மச்சான்."

"அதத்தான் சொல்றேன்! கத்தாத ஆமை கத்துது! நெஞ்சுல என்னமோ ஆயிடுச்சு! காரை எடு, டாக்டர்கிட்ட போவோம்!"

"காலை அசைக்குதா?"

"வெறச்சிப் போச்சு!"

"தலை?"

"உள்ள இழுக்கவே மாட்டேங்குது! ஐயோ, என்ன பண்ணுவேன்!"

"வயித்துல ஓட்டை இருக்கா பாருங்க."

திருப்பிப் பார்த்தேன். "இருக்கு!"

"சத்தம் அதுலேருந்துதான் வருது. பொம்மை மச்சான்."

காதோரத்துச் சிவப்புக் கோட்டை நகத்தால் சுரண்டினேன். உரிந்து வந்தது. ஹாஜராவின் நகப்பூச்சு. அதற்குள் செருப்பில்லாமல் வாசலில் பாதி தூரம் ஓடியிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் உஷாராணி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் ஸுஹா ஒரு கண்ணாடிப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கச்சாங். விளக்குச் சூட்டில் கழுத்தை நீட்டிக்கொண்டு, உயிரோடு.

"நீங்க மூணாவது நன்று எழுதின அன்னிக்கு அது வாயைத் தொறந்து தொறந்து மூச்சு விட்டுச்சு," என்றாள் ஹாஜரா. அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அன்னிக்கே நானும் ஸுஹாவும் டவுனுக்குக் கொண்டு போயிட்டோம். நெஞ்சுல சளியாம். ஒரு பக்க நுரையீரல் அடைச்சா அந்தப் பக்கம் தாழ்ந்துதான் மிதக்குமாம். தண்ணி ரொம்பக் குளிர்னாங்க. ஊசி போட்டு, சூட்டுல வெக்கச் சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நாளைக்குப் பாக்கலாம்பீங்க. அதுக்கு நாளைக்கே இல்லன்னு டாக்டர் சொன்னாரு."

பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். வலது கண் என்னைப் பார்த்தது. இடது கண் மூடியே இருந்தது.

"அது?"

"அந்தக் கண்ணு இனி வராது. நாலு நாள் முன்னாடி வந்திருந்தா வந்திருக்குமாம்."

நாலு நாள். அது எந்த நாலு நாள் என்று எனக்குத் தெரியும். தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன்.

"பொம்மையை நீங்க எப்பக் கண்டுபிடிப்பீங்கன்னு பேசிக்கிட்டோம்," என்றார் உஷாராணி அக்கா. "ஹாஜரா ஒரு வாரம்னுச்சு."

"நான் ஒரு நாள்னு சொன்னேன் அத்தா," என்றாள் ஸுஹா.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கச்சாங் வீட்டுக்கு வந்தது. தொட்டி இப்போது வெயில் படும் ஜன்னல் பக்கம். தாளில் ஸுஹாதான் எழுதுகிறாள். கட்டம் எதுவும் இல்லை. "இன்று மூக்கில் குமிழி இல்லை. இரண்டு இறால் துண்டு தின்றது. என்னைப் பார்த்துத் திரும்பியது" என்று வரி வரியாக எழுதுகிறாள். தினமும் காலையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது ஹாஜரா.

போன திங்கட்கிழமை மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு வேளை மட்டும் நான் மருந்து விடட்டுமா?"

ஹாஜரா ஸுஹாவைப் பார்த்தாள். ஸுஹா யோசித்தாள். உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் ஆமையை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒரு வாரம் இத நல்லாப் பாத்துக்குங்க அத்தா. அப்புறம் சொல்றோம்."

நாளையோடு வாரம் முடிகிறது. காலையிலிருந்து அந்தப் பொம்மையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.