214ஆம் எண் சாக்கு

சித்ரா முதுகில் தொங்கவிடும் தேயிலைக் கொழுந்துச் சாக்கில் எழுதியிருந்தது 214ஆ, 241ஆ என்று இப்போது எனக்கு உறுதியில்லை. நினைவு முகத்தை வைத்துக்கொண்டு எண்ணை விட்டுவிடுகிறது. எங்கள் எஸ்டேட்டில் நடந்ததோ நேர்மாறு. முகத்தை மறைத்தார்கள், எண்ணை மறைக்காமல் விட்டுவிட்டார்கள். 214 என்றே வைத்துக்கொள்கிறேன்.

சின்னக்கானலுக்கு மேலே ஒரு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், சித்ராவும் அவள் அப்பா சங்கையாவும் இருந்தார்கள். அம்மா போன பிறகு சோறு, மாத்திரை, மழை இந்த மூன்றைத் தவிர இருவரும் வேறு பேசியதில்லை.

ஒரு திங்கட்கிழமை, உள்ளூர்க் கேபிள் சேனலின் நிருபன் அருண்பாண்டி கேமராவோடு கொழுந்துக் காட்டுக்கே வந்து நின்றான். அடிமாலிக்காரன்.

“பொம்பளைங்க படத்தை அவங்களுக்குத் தெரியாமப் பரப்புறது, கம்ப்யூட்டர்ல முகத்தை ஒட்டி அசிங்கமாப் படம் செய்யுறது, இதுக்கெல்லாம் சட்டம் இருக்குல்லக்கா. அதைப் பத்தி வெள்ளிக்கிழமை ஒரு நிகழ்ச்சி. நீங்க பேசணும்.”

“நான் எதுக்கு?”

“போலீஸ் ஸ்டேஷன்ல பராதி ஒண்ணு வந்திருக்கே. உங்க படம்னு கேள்விப்பட்டேன்.”

“நான் எந்தப் பராதியும் குடுக்கலையே.”

அப்படியானால் புகார் கொடுத்தது யார் என்று அருண்பாண்டி மேலே கேட்கவில்லை. அவனுக்கு வேண்டியது பேட்டி.

படம் இருந்தது உண்மை. ஏதோ கல்யாண போட்டோவிலிருந்து அவள் முகத்தை வெட்டி, துணியில்லாத வேறொரு உடம்பில் ஒட்டியிருந்தார்கள். இரண்டு மாதமாக அது போன் போனாகச் சுற்றியது. சித்ரா யாரிடமும் வாய் திறக்கவில்லை. சங்கையாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“எங்க அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே போயிருவாரு.”

“முகமே வராதுக்கா. முதுகைத்தான் எடுப்போம். குரலையும் மாத்திருவோம்.”

அவள் சம்மதித்தாள். அது நான் இல்லை என்று ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மாலை முன்னோட்டம் வந்தது. புதன் காலை எடை போடும் இடத்தில் சாந்தம்மாள் அவள் காதருகே வந்தாள். ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்த பக்கத்து வீட்டுக்காரி.

“ஏ புள்ள, உன் சாக்கு டிவியில பேசுதே.”

“என்னக்கா சொல்லுத?”

“முதுகுல 214ன்னு சட்டி அளவுக்கு எழுதியிருக்கு. மாத்தின குரல் மட்டும் நம்ம சூப்பர்வைசர் குரலு மாதிரி.”

எஸ்டேட்டில் ஆளைத் தெரிய முகம் வேண்டியதில்லை. இருபது வருடமாக எண்ணைக் கூப்பிட்டுத்தான் எடை போடுகிறார்கள். அடிமாலிக்காரனுக்கு அது தெரியவில்லை. சித்ராவுக்குத் தெரியும், ஆனால் தன் முதுகைத் தானே யார் பார்த்திருக்கிறார்கள்?

அன்று மாலை அவள் ஓடி வந்து, டிவிக்கு வரும் ஒயரைப் பிடுங்கக் கூரைப் பக்கம் ஏறினாள். ஒயர் ஏற்கெனவே கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“டிவி நேத்துலேருந்து வரலை,” என்றார் சங்கையா. “காத்துல கழண்டிருக்கும்.”

“குரங்காவும் இருக்கும்ப்பா.”

“இருக்கும்.”

இருவரும் அதை மாட்டவில்லை.

அருண்பாண்டிக்கு போன் போட்டாள். மறுபடி எடுத்துவிடலாம், வேறு சாக்கு கொண்டு வாருங்கள் என்றான். சாந்தம்மாள் தன் 61ஆம் எண் சாக்கை நீட்டினாள்.

“என்னுதைக் கொண்டு போ. இந்த வயசுல எனக்கு என்ன வந்துரப் போகுது?”

அந்தச் சாக்கோடு மறுபடி எடுத்து, அன்று இரவே புதிய முன்னோட்டம் வந்தது. அதில் 61ஆம் எண் சாக்கு, சூப்பர்வைசர் குரலில், ‘அது நான் இல்லை’ என்றது.

வியாழன் காலை பெண்கள் சாந்தம்மாளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அக்கா, உங்களையுமா?”

“எந்தக் குருடன் செஞ்சான்?”

சிரித்தார்கள். முதலில் அவளும் சிரித்தாள். மத்தியானம் போடியிலிருந்து மகன் சதீஷ் போனில் கூப்பிட்டு, “வெளிய தலை காட்ட முடியலம்மா,” என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

அருண்பாண்டி இதையும் சரிசெய்தான். மாலையில் திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: ‘61ஆம் எண் தொழிலாளிக்கும் படத்துக்கும் தொடர்பில்லை. அவர் சாக்கை இரவல் கொடுத்தவர் மட்டுமே.’

இரவல் வாங்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளி காலை சாந்தம்மாள் சேனல்மேல் புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். தனக்காகச் சாக்குக் கொடுத்தவளைத் தனியே அனுப்ப மனம் வராமல் சித்ராவும் போனாள். எழுத உட்கார்ந்தது டின்சி என்ற பெண் போலீஸ், கோதமங்கலத்துக்காரி.

“படத்தில உள்ளது ஆரு?”

சாந்தம்மாள் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு கடிகாரம் நின்றுபோயிருந்தது.

“நான்தான் மேடம்,” என்றாள் சித்ரா. “என் முகம்தான். எழுதிக்கோங்க. ஆனா எங்க அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். நெஞ்சு வலிக்காரரு.”

டின்சி பேனாவை மூடினாள். அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து மேசைமேல் திருப்பி வைத்தாள். இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. அடியில், சம்பளப் பேரேட்டில் போடுவதுபோல நடுங்கி நடுங்கிப் போட்ட கையெழுத்து: சங்கையா.

“பராதி தந்தது இவராணு. மகளுக்குத் தெரிய வேண்டாம்னு இவரும் இதே கசேரயில இருந்து கரைஞ்சாரு,” என்றாள், நாற்காலியையும் கண்ணையும் காட்டி.

நிகழ்ச்சி அன்று மாலை வந்தது. படத்தைச் செய்தவன் யாரென்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. படம் சில போன்களில் இன்னும் இருக்கிறது. அருண்பாண்டி வேறு சேனலுக்குப் போய்விட்டான். சாந்தம்மாள் ஓய்வுபெற்றுப் போடிக்குப் போனாள், மகன் பேசுகிறான். சித்ரா அதே சாக்கோடுதான் வேலைக்குப் போகிறாள். சங்கையா உயிரோடு இருக்கிறார். இருவரும் சோறு, மாத்திரை, மழை பற்றிப் பேசுகிறார்கள். ஒயர் இன்னும் தொங்குகிறது.