நான் போட்ட ஆறு பெருக்கல் குறிகள்

சுற்றுமுற்றும் பார்க்காத பிள்ளைகளுக்குப் பார்க்கச் சொல்லித் தருவதுதான் என் வேலை. அந்த வேலைக்கு நான் எவ்வளவு லாயக்கு என்பதை ஆறு வயதுப் பெண் ஒருத்தி ஒருநாள் போட்டு உடைத்தாள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருவண்ணாமலையில் ஆட்டிசம் குழந்தைகளுக்கான சின்னப் பயிற்சி மையம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். செங்கம் ரோட்டில் ஒற்றை அறை, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பக்கத்து அறைகளில் தியானத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள். சிரிப்பார்கள், பேச மாட்டார்கள். (மௌன விரதமாம். எனக்கும் விரதம்தான், பேச ஆள் கிடைக்காததால் வந்தது.) ஞாயிறு முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை "குட் மார்னிங்" சொன்னால் குரல் கரகரக்கும்.

அந்த ஆறு வயதுப் பெண் தர்ஷினி, அடி அண்ணாமலை கிராமத்தவள். அவள் அம்மா செல்வியக்கா கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவர். முதுகுக்குப் பின்னால் லாரி ஹார்ன் அடித்தாலும் தர்ஷினி திரும்ப மாட்டாள். எந்தப் பள்ளியிலும் இடம் இல்லை. ஒரு தலைமை ஆசிரியை மட்டும், "சுத்தி என்ன நடக்குதுன்னு கொஞ்சமாவது பாக்கட்டும், சேத்துக்கிறேன்" என்றிருந்தார்.

ஒரு மாதம் பயிற்சி கொடுத்தேன். அறையில் ஒரு பொருளை இடம் மாற்றி வைத்துவிட்டு, "என்ன மாறியிருக்கு?" என்று கேட்பேன். சரியாகச் சொன்னால் ஒரு துண்டு கடலை மிட்டாய். சேட்டை செய்தால் கண்டுகொள்ளக் கூடாது, தாளில் பெருக்கல் குறி போட வேண்டும். விதி அப்படி.

தலைமை ஆசிரியை நேரில் பார்க்க வந்த நாளன்று, செல்வியக்காவும் ஓரமாக உட்கார்ந்திருக்க, சிவப்பு வாளியைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன்.

"தர்ஷினி, என்ன மாறியிருக்கு?"

அவள் வாளியைச் சட்டை செய்யவில்லை. என் பின்னால் வந்து கழுத்தைப் பிடித்து இழுத்தாள். பெருக்கல் குறி போட்டேன். மறுபடி கேட்டேன், மறுபடி இழுத்தாள். இப்படியே ஆறு தடவை. நானோ பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். தலைமை ஆசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். செல்வியக்காவின் முகம் செத்துப்போனது.

அப்போதுதான் தர்ஷினி வாயைத் திறந்தாள். "டீச்சர் துணி... உல்டா."

சுடிதார் டாப்பைத் திருப்பிப் போட்டிருந்தேன். முன்பக்கத்தைத் துப்பட்டா மறைத்துவிட்டது. முதுகில் தையலெல்லாம் வெளியே. கழுத்தில் டேக் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பொண்ணு கரெக்டாத்தாம்மா சொல்லுது. நீதான் பாக்கல." பிறகு செல்வியக்காவிடம், "ஜூன்ல கூட்டிட்டு வாங்க" என்றார்.

செல்வியக்கா அங்கேயே அழுதார். நான் பாத்ரூமுக்குள் போய், துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அழுதேன். வெட்கத்தால் அல்ல. காலையிலிருந்து டீக்கடை, ஷேர் ஆட்டோ, மார்க்கெட் என்று பாதி ஊருக்கு முதுகைக் காட்டியிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் சொல்வதற்கு ஆளே இல்லை. என்னைக் கவனித்த ஒரே ஜீவனுக்கு ஆறு பெருக்கல் குறி போட்டிருந்தேன்.

இன்றும் செல்வியக்கா போன் செய்தால் முதல் கேள்வி, "டீச்சர், துணி நேரா இருக்குதா?" என்பதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. தர்ஷினி என்னை வாசலிலேயே திருப்பி நிறுத்தி, கழுத்தைச் சோதித்த பிறகே உள்ளே விடுவாள். வீடே சிரிக்கும்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. சில ஞாயிறுகளில், ஆட்டோவிலிருந்து இறங்கியதும் டேக்கை நானே வெளியே இழுத்து விட்டுக்கொள்கிறேன்.