லடாக் கிளம்பிக்கொண்டிருப்பவர்

வாசகரே, ஊர் உலகத்தில் போய்வந்தவர்கள் உண்டு, போகாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் ஒட்டாமல் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: கிளம்பிக்கொண்டிருப்பவர்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் திண்டுக்கல்லில் இருப்பவர் பெயர் சிவபிரகாஷ். பஸ் ஸ்டாண்டு பக்கம் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியாக, ராஜஸ்தான் பாலைவனத்தைக் கடந்து, லடாக் மலை உச்சிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். பல வருஷமாக.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். சித்திரை வெயிலில் ரைடிங் ஜாக்கெட்டைக் கழுத்து வரை இழுத்து மூடி, முழங்காலுக்குக் கவசம் கட்டி, ஹெல்மெட்டின் உச்சியில் குட்டிக் கேமரா ஒன்றையும் நட்டுக்கொண்டு ஒருவர் பால் பாக்கெட் வாங்க வருகிறார் என்றால், சந்தேகமே வேண்டாம், அவரேதான். கடைக்கு ஃபேன் வாங்க வந்தவரிடம், "அம்புட்டு உயரத்துல ஆக்சிஜன் கம்மிண்ணே, போன உடனே ஆடக் கூடாது, படுத்து உடம்பப் பழக்கணும்" என்று விளக்கிக்கொண்டே இருப்பார். வந்தவர் அடுத்த கடையில் ஃபேன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போயிருப்பார். மலைப் பயிற்சி என்று சொல்லி வத்தலக்குண்டு வரை வண்டியில் போவார். கொடைக்கானல் மலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். அந்த டீக்கடைக்காரருக்கு இன்று மணாலியில் பனி எப்போது உருகும் என்பது அத்துப்படி.

வீட்டிலோ எல்லாவற்றுக்கும் ஒரே பதில். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமா? "லடாக் போயிட்டு வந்து பாத்துக்கலாம்." குழாய் ஒழுகுகிறதா? அதுவும் லடாக்குக்குப் பிறகுதான். மனைவி கௌசல்யா பின்னறையில் தையல் வகுப்பு நடத்த ஆசைப்பட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேரத் தயாராக இருந்தார்கள். ஆனால் அந்த அறையில் கூடாரமும் பெட்ரோல் கேன்களும் குளிருக்கான கம்பளிகளும் குடியேறியிருந்தன. தையல் மிஷின் மூலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. போன புருஷன் திரும்பி வரட்டும் என்று காத்திருக்கலாம். போகாத புருஷன் திரும்பி வரட்டும் என்று ஒருத்தி எத்தனை காலம் காத்திருப்பாள்?

ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்களா? சகுனம், ஐயா, சகுனம்! வருஷாவருஷம் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். நண்பர் மீரான் தன் கடையிலிருந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வழியனுப்ப வந்துவிடுவார். வண்டி உறுமும். சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பொன்னழகு கேட்பார்:

"எங்க தம்பி கிளம்பிட்டீக?"

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஓய்வு பெற்ற டவுன் பஸ் கண்டக்டர், "எங்க? எங்க?" என்று கேட்டே பிழைத்த வாய். ஆனால் வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்குமா? அதற்கும் நம்மவர்கள் பரிகாரம் வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ச் செத்த நேரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பலாம். சிவபிரகாஷ் உள்ளே போவார். உட்காருவார். தண்ணீரும் குடிப்பார். பரிகாரத்தின் மிச்சப் பகுதி மட்டும் அவருக்கு மறந்துபோகும். பிரியாணியைப் பிரித்துவிடுவார். எலுமிச்சம்பழம் மத்தியானம் சர்பத்தாகிவிடும்.

நமக்குள் இருக்கட்டும்: மனிதருக்குப் பயம். ஆளில்லாத மலையில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், போய்வந்துவிட்டால் அப்புறம் எதைப் பற்றிப் பேசுவது என்பது. பொன்னழகு கேட்கும்போதெல்லாம் இவர் முகம் வாடும், மனசு குளிரும்.

இந்த வருஷம் கௌசல்யா முந்திக்கொண்டாள். முதல் நாளே வீடு வீடாகப் போய், "நாளைக்கு அவுக கிளம்புறாக. எங்கன்னு மட்டும் யாரும் கேட்டுறாதீக, புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

விடிந்தது. தெருவே வாசலில் நின்றது, வாயைத் திறக்காமல். மீரான் பொட்டலத்தை நீட்டி, "ம்" என்றார். பொன்னழகு முன்ஜாக்கிரதையாக வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு நின்றார். சிவபிரகாஷ் கண்ணாடியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு தாங்க முடியாமல் வண்டியில் இருந்தபடியே எதிர்வீட்டைப் பார்த்தார்.

"அண்ணே, கிளம்புறேன்."

பொன்னழகு தலையாட்டினார்.

"ரொம்பத் தூரம்ணே."

அதற்கும் தலையாட்டல்.

"எங்கன்னா..."

"ஏங்க, வெயில் ஏறிரும்" என்றாள் கௌசல்யா.

எலுமிச்சம்பழம் முதன்முறையாக நசுங்கியது.

ஊரைத் தாண்டினால் யாராவது கேட்காமலா இருப்பார்கள் என்று நம்பித்தான் போனார். பெட்ரோல் பங்கில் எவ்வளவுக்கு என்று மட்டும் கேட்டார்கள். சுங்கச்சாவடியில் ஓரமாகப் போ என்று கை காட்டினார்கள். ஊருக்குள்ளே சொல்லி வைத்ததால் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே அவர் யாரென்றே தெரியாததால் கேட்கவில்லை. இப்படியே, கேட்பாரில்லாமல், மனிதர் ராஜஸ்தான் மணல்காட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்! அங்கே ஒரு போலீஸ்காரர் இந்தியில் கேட்டேவிட்டார். சிவபிரகாஷ் ஆவலோடு வீட்டுக்குப் போன் போட்டார்.

"கௌசல்யா, இங்க ஒருத்தர் எங்கன்னு கேட்டுட்டாரு."

"தமிழ்லயா?"

"இந்தியில."

"இந்தியில கேட்டாக் கணக்கில்ல. போயிட்டு வாங்க."

மணல் முடிந்து மலை வந்தது. பச்சை என்பதே இல்லாத, வெறும் கல்லும் காற்றுமான மலை. ஒரு சோதனைச் சாவடியில் வண்டி எண்ணைப் பார்த்த ராணுவ வீரர் ஒருவர் முகம் மலர ஓடிவந்தார்.

"ஏனுங்கண்ணா, நம்மூருங்களா! நானு நெய்க்காரப்பட்டிங்க. எங்கீங்க போறீங்க?"

சிவபிரகாஷ் வண்டியை நிறுத்தினார். சுத்தத் தமிழ்ச் சகுனத் தடை. இனி யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. திரும்பிவிடலாம். ஒரு கல்லில் போய் உட்கார்ந்தார். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்; பல் கூசியது.

"மூச்சு முட்டுதுங்களாண்ணா?"

"இல்ல தம்பி. எங்கன்னு கேட்டுட்டீகள்ல, அதான்."

வீரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, தப்புங்க! எங்கம்மா காதுல விழுந்திருந்தா தோலை உரிச்சிருப்பாங்க."

சிவபிரகாஷ் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடித்தாகிவிட்டது. பிரியாணிப் பொட்டலம் இல்லை. எதிரே பாதை மேலே போய்க்கொண்டிருந்தது. அவருக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. எழுந்து வண்டியை உதைத்தார்.

"போயிட்டு வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, மேலே போனார்.

திரும்பி வந்த சிவபிரகாஷிடம் இப்போது ஃபேன் கேட்டால் ஃபேன் தருகிறார். பின்னறையில் தையல் மிஷின் ஓடுகிறது. குழாய் மட்டும் இன்னும் ஒழுகுகிறது. அது வேறு இனம், அதை விடுங்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் பரணில் ஏதோ ஒன்று உறையைக்கூடப் பிரிக்காமல் தூங்குகிறதாமே? "தை பொறக்கட்டும்" என்கிறீர்களாம்; தையும் பல தடவை பிறந்துவிட்டதாம். தேதியை மட்டும் சொல்லுங்கள். உங்கள் எதிர்வீட்டு வாசலில் நான் வந்து நிற்கிறேன், வாய் நிறைய வெற்றிலையோடு.