பிரியாணிக் கடைச் சுவரில் என் பேஸ் கிட்டார்

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் எட்வர்ட் அவர்களுக்கு, தங்கள் தங்கை மெர்சியின் கணவன் பாக்கியநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் சர்க்கரையைத் தவிர மற்றதெல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. ஆவடியில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். இது போனில் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் என் நம்பரைத் தாங்கள் தடுத்து வைத்திருப்பதாக மெர்சி சொன்னாள். அதில் எனக்கு வருத்தமில்லை, தங்கள் நம்பரை நான் அதற்கு முன்பே தடுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பேஸ் கிட்டார் கிடைத்துவிட்டது. தொண்ணூற்றேழில் பொன்னேரிக் கல்யாணக் கச்சேரி முடிந்து நம் இசைக்குழு லோக்கல் ரயிலில் திரும்பியதும், சாமான்களை ஏற்றி இறக்குவது டிரம் வாசித்த தங்கள் பொறுப்பாக இருந்ததும், கும்மிடிப்பூண்டியில் இறங்கிப் பார்த்தால் டிரம் செட்டு, சிம்பல், தங்கள் டிபன் கேரியர் எல்லாம் இருந்து என் கிட்டார் மட்டும் இல்லாமல் போனதும், பிளாட்பாரத்திலேயே நான் தங்கள் சட்டையைப் பிடித்துக் கிழித்ததும் ஞாபகம் இருக்கும். அன்றோடு குழுவும் முடிந்தது, நம் பேச்சும் முடிந்தது. தங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்து, கவரைக் கொடுத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் போனேனே, அது சர்க்கரைக்காக இல்லை. உள்ளே மேடையில் யாரோ பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று இரண்டு பாட்டு கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

போன திங்கட்கிழமை மிக்ஸி ஜாருக்குப் பிளேடு மாற்றப் புதுவாயல் போனேன். அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். எதிரே ஷாஹுல் என்பவரின் பிரியாணிக் கடை. டீ குடிக்கலாம் என்று நுழைந்தால், கல்லாவுக்கு மேலே பிளாஸ்டிக் ரோஜா சுற்றி, சீரியல் பல்பு போட்டு, என் கிட்டார் தொங்குகிறது. அதே சிவப்பு. வால்யூம் நாப் ஒன்று இல்லை, என்னுடையதிலும் இல்லை. கேட்க வாய் வரவில்லை. சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியாதே என்று ஒரு பிரியாணி சொன்னேன். மறுநாள் நல்ல ஜாரைப் பழுது என்று எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் ஜாரே இல்லாமல் போனேன். மூன்று நாளும் நான் இலையைப் பார்க்காமல் சுவரையே பார்த்ததில், ஷாஹுல் என்னை உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்று முடிவுகட்டி, சமையல்கட்டைக் கழுவிவிட்டு, எனக்குத் தனியாக ஒரு முட்டையும் வைத்து, "சார், இன்னா குறைன்னு சொல்லிடுங்க. மூணு நாளா பேஜாரா கீது" என்றார். நான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. கிட்டாரைக் கையால் காட்டினேன்.

அவருடைய வாப்பா ஹபிபுல்லா பழவேற்காட்டுக்காரர், எண்பது வயது, காது சுத்தமாகக் கேட்காது. இடித்த கட்டடங்களின் கதவு, ஜன்னல் வாங்கி விற்றவர். மகன் ஜாடை காட்டிக் கேட்டதில், ஏதோ கல்யாண மண்டபத்தை இடித்தபோது மேடைத் திரைக்குப் பின்னால் கிடந்தது, பொன்னேரியோ ஆரணியோ நினைவில்லை என்றார். எனக்கு அது போதும். அந்த நொடியே எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டது மச்சான். பந்திக்குக் கூப்பிட்டதும் யாரும் தொடக்கூடாதென்று நானே திரைக்குப் பின்னால் கிட்டாரைச் சாய்த்து வைத்தது, அதன் மேல் என் துண்டைப் போட்டது, போய் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தது. கிட்டார் ரயில் ஏறவே இல்லை. ஏறாததை நீ எப்படி இறக்குவாய்? (தாங்கள் என்றே எழுதி முடிக்கப் பார்த்தேன், கை ஒத்துழைக்கவில்லை.)

ஷாஹுல் அதை இறக்கி, ரோஜாவைப் பிரித்து, என் மடியில் வைத்தார். நாலு கம்பியும் துரு. சாப்பிட்டுக்கொண்டிருந்த சிப்காட் ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, கச்சேரியில் நாம் முதலில் எடுக்கும் பாட்டை வாசித்தேன். உனக்குத் தெரியும், ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் அது ஊமை. சத்தமே வர்லியே சார் என்றார் ஷாஹுல். நான் கட்டையின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டேன், அப்படி வைத்தால் வாசிக்கிறவனுக்கு எலும்பு வழியாகக் கேட்கும். இருபத்தெட்டு வருஷம் கழித்துக் கேட்டது. உன் டிரம் இல்லாமல் மொட்டையாகக் கேட்டது. அப்போது ஹபிபுல்லா பாய் எழுந்து வந்து கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"கைல வருதுப்பா. நிறுத்தாத" என்றார்.

அவ்வளவு பேர் இருந்த கடையில் அவர் ஒருவருக்குத்தான் அது கேட்டது. முடித்ததும், இதை ஆணியில் மாட்டவா செய்தார்கள், எடுத்துக்கினு போ என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மெர்சி கிட்டாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "எங்கம்மா சாவுல கூட நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலைல நின்னுக்கினு இருந்தீங்க" என்றாள். நான் காகிதம் தேடி இதை எழுத உட்கார்ந்தேன்.

மச்சான், தப்பு என்னுடையது. கிழிந்தது புதுச் சட்டை, அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புறப்பட்டு வா. டிரம் செட்டை நீ வித்துட்டதா கேள்வி. பரவால்ல, குச்சி இருந்தா எடுத்துக்கினு வா, இங்க பக்கெட்டு கீது.

உன் வீட்டார் எல்லாரையும் ஆண்டவர் முழங்கால் வலி இல்லாமல் காக்க வேண்டும் என்று ஜெபிக்கும்,
பாக்கியநாதன்.

பி.கு.: வெள்ளிக்கிழமை. தபாலில் போடுவதற்கு முன், ஒயர் எல்லாம் சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று பின்பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே ஸ்டிக்கரில் தயாரித்த வருஷம் 2004 என்று இருக்கிறது. பக்கத்தில் பேனாவால் 'ராபின், ஆரணி' என்று எழுதியிருக்கிறது. அதாவது நான் தொலைத்து ஏழு வருஷம் கழித்துத்தான் இது பிறந்திருக்கிறது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்த திரையும் துண்டும் பாயசமும் யாருடைய ஞாபகமோ, தெரியவில்லை. ஆகவே என் கிட்டாரை நீ ரயிலில் விட்டிருக்கலாம், விடாமலும் இருக்கலாம். மேலே கேட்ட மன்னிப்பை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும். என்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் காலையில் ஒரு மணி நேரம் வாசித்தேன். ஆரணியில் அந்த ராபின் இதை எத்தனை வருஷமாகத் தேடுகிறாரோ. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஆனால் தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன். ஞாயிறு நீ வந்தால் ஒரு பக்கம் நீ பிடித்துக்கொள், போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.