மருமகள் வளர்ந்துவிட்டாள்

மாதவி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதும், லோகேஸ்வரியின் கையிலிருந்த பழத்தட்டு ஆடியது.

“என்னடா இது? உன்னைவிட உயரமா நிக்கிறா!” என்று மகன் விமலனின் காதைக் கடித்தாள்.

முதுகெலும்பு வளைந்திருந்த மாதவிக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம். டாக்டர் சொன்னது பாதி, வருங்கால மாமியார் போட்ட நிபந்தனை பாதி. ‘முதுகை நேராக்கிட்டு வரட்டும், அப்புறம் தாலி’ என்றவள் லோகேஸ்வரிதான். உடம்பு தேறிவிட்டதா என்று பார்க்க இன்று கிள்ளானில் இருந்த அவள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

“நிமிர்த்தினா அஞ்சு சென்டி கூடும்னு டாக்டர் சொன்னாரு, ஆன்டி. நீங்கதானே நிமிர்த்தச் சொன்னீங்க?” என்றாள் மாதவி.

“நிமிரத்தானே சொன்னேன்? வளரவா சொன்னேன்?”

செந்தூலில் இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

“மாலை மாத்தறப்போ நீ எட்டி எட்டிக் குதிப்பியா? எல்லாரும் வீடியோ எடுப்பாங்க லா. இந்தக் கல்யாணம் வேணாம்.”

விமலனுக்கோ நான்கு வருடக் காதல்.

“அம்மா, நான் உயரமாயிடறேன்!” என்று உளறிவிட்டான். “ஆகு, பார்க்கலாம்,” என்றாள் லோகேஸ்வரி.

முதலில் உள்ளே குதிகால் உயர்த்திய காலணி வாங்கினான். அதைப் போட்டுக்கொண்டு மாதவிக்கு வீடியோ கால் செய்தான்.

“சூப்பர். ஆனா கல்யாணம் கோயில்ல, விமல். மணவறைக்கு ஷூவோடவா வருவ?”

அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து, நெட்டுக்கோடு போட்ட ஜிப்பா. கோடு போட்டால் ஆள் உயரமாகத் தெரிவார் என்று யாரோ சொன்னார்கள். பிரிக்பீல்ட்ஸில் தையல்காரர் தம்புசாமி தைத்ததை அவர் கடையிலேயே அம்மா முன்னால் மாட்டிப் பார்த்தால், ஒரு தோள் இறங்கிக் கோடெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

“அளவு சரியாத்தான் எடுத்தேன், அக்கா,” என்றார் தம்புசாமி, தலையைச் சொறிந்தபடி.

“இவன் ஸ்கூல் போன காலத்திலேருந்து ஒரு டெய்லருக்கும் ஒழுங்கா தைக்கத் தெரியலை!” லோகேஸ்வரி ஜிப்பாவைச் சுருட்டி அவர் மேசை மேல் எறிந்தாள். “கல்யாணம் கேன்சல். நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

பயந்துபோன விமலன் அன்று மாலையே பூங்காவிலிருந்த கம்பியைப் பிடித்துத் தொங்கினான். தொங்கினால் உடம்பு நீளும் என்று எங்கோ படித்திருந்தான். கொஞ்ச நேரத்தில் முதுகில் ‘சடக்’ என்றது. இறங்கியவனால் நிமிர முடியவில்லை. இப்போது மாதவியின் தோளுக்குக்கூட அவன் எட்டவில்லை.

மறுநாள் தன் டாக்டரிடமே மாதவி அவனைக் கூட்டிப்போனாள். லோகேஸ்வரியும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள்.

எக்ஸ்ரே எடுத்து முடித்த டெக்னீஷியன் இர்ஃபான் கதவைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்தான். கணினித் திரையில் ஒரு முதுகெலும்பு, மலைப்பாதை மாதிரி இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு.

லோகேஸ்வரி நெஞ்சில் கை வைத்தாள்.

“ஐயையோ! இவ்வளவு கோணலா? உன் பழைய படத்தை இன்னுமா வச்சிருக்காங்க, மாதவி? இதை அன்னிக்கே காட்டியிருந்தா நிச்சயதார்த்தத்துக்கே வந்திருக்க மாட்டேன். இப்படி ஒரு முதுகை எவன் கட்டுவான்?”

மாதவி மெதுவாகத் திரும்பி விமலனைப் பார்த்தாள். விமலன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இர்ஃபான் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

“ஆன்டி, இது இப்பதான் எடுத்தது. உங்க மகனோட முதுகு.”