பாதிக் குசினி

விறாந்தையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி அன்னப்பூரணி, மகள் ஆர்த்திகா, அவளைக் கட்டப்போகும் மதுரன், அவனுடைய தகப்பன் சாமித்தம்பி. குசினியில் இருந்தவர்: உதயரூபன். அவர் அங்கே இருக்கக் கூடாது. அதுதான் பிரச்சினை.

உதயரூபன் பக்கத்து வளவுக்காரர், அன்னப்பூரணிக்கு மச்சான் முறை. குசினியில் பாதி தன் காணிக்குள் நிற்கிறது என்று வழக்குப் போட்டவர். மாவட்ட நீதிமன்றத்தில் அவர் வென்றார். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அன்னப்பூரணி வென்றாள். அந்தத் தீர்ப்புப் பிழை என்று அவர் கொழும்புக்கு, கடைசிக் கோடான உயர் நீதிமன்றத்துக்கே போய்விட்டார். "உரிமையை விட்டுடாதீங்க" என்று லோயர் எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் சொந்தக் கதிரையோடு வந்து தன் பாதியில் குந்தியிருப்பார். அன்னப்பூரணியும் தேத்தண்ணி கொடுப்பாள். வழக்கு வேறு, தேத்தண்ணி வேறு.

ஆனால் இன்று சம்பந்தம் பேச வந்திருக்கிறார்கள். வீடு ஆர்த்திகாவுக்குச் சீதனம். வழக்கில் கிடக்கும் வீட்டுக்கு எவன் மாப்பிள்ளை தருவான்?

"மச்சான், இண்டைக்கு மட்டும் போங்களன்," என்று அவள் குசினிக்குள் வந்து கிசுகிசுத்தாள்.

"போனா உரிமை போயிடும்."

"றால் கறி தாறன். வீட்ட கொண்டுபோய்ச் சாப்பிடுங்க."

"இஞ்ச இருந்து சாப்பிட்டா உரிமைக்கு இன்னும் நல்லம்."

சண்டை பிடிக்க நேரமில்லை. கறியைச் சூடாக்கிக் கொடுத்தாள். அதன் வாசம் விறாந்தைக்குப் போனது. வாசம் வந்த வழியே சாமித்தம்பி குசினிக்கு வந்தார்.

"இவர் ஆரு?"

"சமையலுக்கு வந்தவர்."

சாமித்தம்பி சட்டியில் இருந்து ஒரு றாலை எடுத்து வாயில் போட்டார். "நல்ல கை. கலியாணத்துக்கும் இவரையே பிடிப்பம். எத்தன பேருக்குச் சமைப்பீங்க?"

"நான் சமைக்கிறல்ல," என்றார் உதயரூபன். "இருக்கிறது மட்டும்தான்."

"இருக்கிறதா?"

"ஓம். அடுப்பு வரைக்கும் என்ட."

"இவருக்கு இடைக்கிடை மூளை கொஞ்சம் தட்டும்," என்றாள் அன்னப்பூரணி அவசரமாக.

உதயரூபன் துள்ளி எழுந்தார். "ஆருக்கு மூளை தட்டினது? மாவட்டத்தில வென்ற மனிசன் நான்!"

"சமையல் போட்டியில," என்றாள் அவள்.

அப்போது ஆர்த்திகா போனோடு ஓடி வந்தாள். "அம்மா! கொழும்பில இருந்து லோயர்! மேன்முறையீட்டுத் தீர்ப்புச் சரியெண்டு உயர் நீதிமன்றம் சொல்லிட்டுதாம். முழுக் குசினியும் எங்கட!"

உதயரூபன் கடைசி றாலை விழுங்கினார். கையைக் கழுவினார். கதிரையைத் தூக்கினார். "அப்ப சரி மச்சாள், வாறன்."

இனி மறைக்க என்ன இருக்கிறது? அன்னப்பூரணி எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "இனி வீட்டில ஒரு வில்லங்கமும் இல்ல, சம்பந்தி!"

"உண்மையா மாமி?" என்று மதுரன் வாசலில் வந்து நின்றான். அவன் முகம் பூரித்திருந்தது. "அப்ப இத வித்துப்போட்டு வந்தாறுமூலையில ஒரு ஜிம் திறக்கலாம்!"

சாமித்தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்துவிட்டார்.

"இவன்ட தமையனும் இப்பிடித்தான். பெண்சாதிட வீட்ட வித்து றால் பண்ணை போட்டான். இப்ப ரெண்டு பேரும் என்ட வீட்டில. உங்கட மச்சான் கதிரையோட வாற கதை ஊருக்கே தெரியும், சம்பந்தி. நான் தெரியாத மாதிரித்தான் கேட்டனான். வழக்குக் கிடக்கிற வீட்ட இவனால விக்க ஏலாதெண்டுதானே நான் இந்தச் சம்பந்தத்துக்கே ஓமெண்டனான்!"

அன்னப்பூரணி படலைக்கு ஓடினாள். உதயரூபனைக் கதிரையோடு பிடித்து இழுத்து வந்தாள்.

"விடுங்க மச்சாள்! எனக்குத்தான் இனி உரிமை இல்லையே!"

"அத நீங்க இன்னொரு வழக்குப் போட்டுக் கோட்டில கேளுங்க," என்று அவரைக் குசினிக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, வெளியே பூட்டுப் போட்டாள்.